ஆன்டிபயாட்டிக் ஏன் கேட்காமல் போகிறது? மருந்தெதிர்ப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

“இந்த மாத்திரை எனக்குக் கேக்க மாட்டேங்குது டாக்டர், உடம்புக்குப் பழகிப்போச்சு, கொஞ்சம் பவரா எழுதிக் குடுங்க.” நம் ஊர் கிளினிக்குகளில் நாள்தோறும் கேட்கும் இந்த வேண்டுகோளில் ஓர் உண்மையும் ஒரு பிழையும் கலந்திருக்கின்றன. மருந்து கேட்காமல் போவது உண்மை. ஆனால் பழகிக்கொண்டது நோயாளியின் உடம்பு என்பது பிழை. மாறியது உடம்புக்குள் இருக்கும் கிருமி. உடம்புதான் பழகியது என்று நம்புகிறவர், ‘நான் அதிகம் மாத்திரை சாப்பிடாதவன், எனக்கு இந்தக் கவலை இல்லை’ என்று இருந்துவிடுவார். கிருமிதான் மாறியது என்றால், வாழ்நாளில் ஒரு மாத்திரையைக்கூடத் தொடாத, நேற்றுப் பிறந்த குழந்தையையும் அதே கிருமி தொற்றலாம். அந்தக் குழந்தைக்கும் அந்த மருந்து வேலை செய்யாது.

இது எங்கோ எப்போதோ நடக்கப்போகிற ஆபத்து அன்று. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று, 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான விரிவான கணிப்பு கூறுகிறது. அந்தக் கணிப்பில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி வேறொன்று. மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் இறப்பு மிக அதிகமாக இருந்தது சகாராவுக்குத் தெற்கே உள்ள மேற்கு ஆப்பிரிக்காவில். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், பணக்கார நாடுகளைவிடக் குறைவாக ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிற மக்கள் அவர்கள். ‘மாத்திரையைக் கண்டபடி விழுங்குவதால்தான் இந்த நிலை’ என்ற வழக்கமான விளக்கம் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால், கணக்கு இப்படி வந்திருக்கக் கூடாது. எங்கே இடறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் மருந்தெதிர்ப்பு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

எந்த மருந்து, எந்தக் கிருமிக்கு

கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களை நுண்ணுயிரிகள் என்கிறோம். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி எல்லாம் இதில் அடங்கும். இவற்றை அழிக்கவோ அடக்கவோ தரப்படும் மருந்துகளுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் என்பது பொதுப்பெயர். அவற்றுள் பாக்டீரியாவுக்கு எதிராக வேலை செய்பவையே ஆன்டிபயாட்டிக்குகள். ஒரு காலத்தில் தன்னைக் கொன்ற மருந்தை ஒரு நுண்ணுயிரி தாங்கிக்கொண்டு பெருகும் திறனைப் பெறுவதுதான் மருந்தெதிர்ப்பு. இந்தக் கட்டுரை பாக்டீரியாவோடு நிற்கிறது.

சாதாரணச் சளி, மூக்கொழுகல், ஃப்ளூ, டெங்கு ஆகியவை வைரஸால் வருபவை. தொண்டை வலியிலும் வயிற்றுப்போக்கிலும் பெரும்பாலானவை அப்படித்தான். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எதையும் செய்யாது. மூன்றாம் நாள் மாத்திரை வாங்கி ஐந்தாம் நாள் சளி குறைந்தால், மாத்திரை குணப்படுத்தியது என்று தோன்றுவது இயல்பு. மாத்திரை இல்லாவிட்டாலும் அது ஐந்தாம் நாள் குறைந்திருக்கும்.

களை பெருகும் விதம்

ஒரு நெல் வயலை எண்ணிக்கொள்வோம். பயிரோடு பல வகைக் களைகள் முளைத்திருக்கின்றன. விவசாயி ஒரு களைக்கொல்லியைத் தெளிக்கிறார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது களை கருகிவிடுகிறது. மிஞ்சிய ஒன்றிரண்டு செடிகள் மருந்தைப் பார்த்துப் பழகிக்கொண்டவை அல்ல. பிறவியிலேயே அவற்றிடம் இருந்த ஏதோ ஒரு தன்மை அவற்றைக் காப்பாற்றியது. இதுவரை மற்ற களைகளோடு பங்கிட்டுக்கொண்ட தண்ணீரும் உரமும் வெயிலும் இப்போது அவற்றுக்கு மட்டுமே. அவை செழித்து விதை விடுகின்றன. அடுத்த போகத்தில் முளைக்கும் களையில் பாதி அந்தப் பிள்ளைகள். அதே மருந்தை மீண்டும் தெளிக்க, மூன்றாம் போகத்தில் வயல் முழுவதும் அவைதான். ‘இந்த மருந்து இப்போ கேக்கல’ என்கிறார் விவசாயி. அவருடைய மண் மாறவில்லை. மண்ணில் முளைக்கும் களையின் இனம் மாறிவிட்டது.

இதில் இன்னொரு பகுதி உண்டு. அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் களையின் விதை வாய்க்கால் தண்ணீரில் மிதந்து பக்கத்து வயலுக்குப் போகிறது. பக்கத்து வயல்காரர் களைக்கொல்லியைக் கையால் தொட்டதே இல்லை. ஆனாலும் அவர் வயலில் இப்போது முளைப்பது, மருந்துக்கு மசியாத களை. ஆக, இந்தச் சிக்கலுக்கு இரண்டு பாதிகள் இருக்கின்றன. தாங்கும் இனம் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகுவது ஒரு பாதி; பெருகியது பரவுவது மறு பாதி. முதல் பாதிக்குக் காரணம் மருந்தின் பயன்பாடு. இரண்டாம் பாதிக்குக் காரணம் வாய்க்கால்.

பாக்டீரியாவுக்குள் நடப்பது

நெல்வயலில் மூன்று போகம் பிடிக்கும் மாற்றம் பாக்டீரியாவில் ஓரிரு நாளில் நடந்துவிடும். நம் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாவுக்கு எல்லாம் சாதகமாக அமைந்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். இத்தனை வேகத்தில் மரபணு நகலெடுக்கப்படும்போது சிற்சில பிழைகள் நேரும். பெரும்பாலான பிழைகளால் பயனில்லை. எப்போதோ ஒன்று, மருந்தைத் தாங்கும் தன்மையைத் தந்துவிடுகிறது.

தாங்கும் வழிகள் பல. சில பாக்டீரியாக்கள் மருந்தை வெட்டிச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். சில, உள்ளே வந்த மருந்தை அதே வேகத்தில் வெளியே இறைத்துவிடுகின்றன. மருந்து போய்ப் பற்ற வேண்டிய இடத்தின் அமைப்பையே மாற்றிக்கொள்பவையும் உண்டு. இவற்றில் எதுவும் மனிதன் உண்டாக்கியதில்லை. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்தே மருந்தெதிர்ப்பு மரபணுக்களை 2011-இல் ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். பெனிசிலினைச் சிதைக்கும் நொதி 1940-இலேயே, அந்த மருந்து மக்களிடம் பரவுவதற்கு முன்பே, கண்டறியப்பட்டது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் பெனிசிலின் எடுத்தால் கிருமி அதைத் தாங்கக் கற்றுவிடும் என்று எச்சரித்தார்.

பாக்டீரியாவுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பெரும்பாலான உயிர்கள் தம் மரபணுவைப் பிள்ளைகளுக்கு மட்டுமே கொடுக்க முடியும். பாக்டீரியாவோ அருகில் இருக்கும் வேறொரு பாக்டீரியாவுக்கு, அது வேற்றினமாக இருந்தாலும், கொடுத்துவிட முடியும். இதற்குப் பயன்படுவது பிளாஸ்மிட் எனப்படும் சிறிய வளைய வடிவ டி.என்.ஏ. ஒரே பிளாஸ்மிட்டில் ஐந்தாறு மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருக்கலாம். அதனால்தான் ஒரு மருந்தைப் பயன்படுத்தும்போது, தொடர்பே இல்லாத வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் கூடவே வளர்ந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். மருந்து, எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்புக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. அந்த எதிர்ப்பு பிள்ளைகளுக்கும் போகும், அக்கம்பக்கத்துக்கும் போகும். மாறுவது கிருமி, மனித உடல் அதற்குத் தங்குமிடம் மட்டுமே.

‘கோர்ஸை முடிக்காததுதான் காரணம்’ என்பது சரியா?

எழுதிக் கொடுத்த நாள் வரைக்கும் மாத்திரையைச் சாப்பிடாமல் பாதியில் நிறுத்துவதே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பள்ளிப் பாடத்திலிருந்து விளம்பரம் வரை சொல்லிவருகிறார்கள். காசநோயைப் பொறுத்தவரை இதில் பெரும் உண்மை இருக்கிறது. அந்தப் பாக்டீரியா மெதுவாகப் பெருகுவது, உடலுக்குள் ஒளிந்து வாழக்கூடியது. அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்து, மாதக்கணக்கில், ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் மற்றப் பல தொற்றுகளுக்கு நிலைமை வேறு. முன்பு பத்து நாள் கொடுத்த இடத்தில் ஐந்து நாளே போதும் என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

காரணம் எளிமையானது. நுரையீரலில் இருக்கும் கிருமிக்காக விழுங்கும் மாத்திரை நுரையீரலுக்கு மட்டும் போவதில்லை. நம் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கில் தொல்லை தராமல் வாழும் பாக்டீரியாக்களும் ஒவ்வொரு வேளை மாத்திரையிலும் நனைகின்றன. அங்கே தாங்கும் இனம் பெருகுகிறது. தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் அதற்குத் துணை போகிறது. இதைப் படித்துவிட்டு மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்பே நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். எத்தனை நாள் என்பதை அவரிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது, பழியை நோயாளியின் ஒழுங்கின்மை மேல் மட்டும் சுமத்துவது நியாயமும் ஆகாது, அறிவியலும் ஆகாது என்பதே.

மருந்துக்கடை மேசையில்

சிறு ஊரின் மருந்துக்கடை ஒன்றில் மாலை ஏழு மணிக்கு நின்றால் முதல் பாதியை நேரில் காணலாம். கட்டட வேலை முடிந்து வருகிறவர், “காய்ச்சல், சளி, உடம்பு வலி, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்கண்ணே” என்கிறார். கடைக்காரர் நான்கைந்து பெட்டிகளைத் திறந்து, பாராசிட்டமால் ஒன்று, சளி மாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, கூடவே அசித்ரோமைசினோ செஃபிக்ஸிமோ ஒன்று என அட்டைகளைக் கத்தரித்து, வேளைக்கு ஒன்றாகச் சின்னக் காகித உறைகளில் போட்டுத் தருகிறார். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். சிவப்புக் கோடு வேறொரு துண்டோடு போயிருக்கும். ஆன்டிபயாட்டிக் அட்டைகளை மக்கள் அடையாளம் காண வேண்டும் என்பதற்காகவே அந்தச் சிவப்புக் கோட்டை விளக்கி நடுவண் அரசு 2016-இல் விழிப்புணர்வுப் பிரசாரம் தொடங்கியது. 2019-இல் இந்தியாவின் தனியார் சந்தையில் மிக அதிகம் பயன்பட்ட ஆன்டிபயாட்டிக் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை; அதற்கடுத்தது செஃபிக்ஸிம் 200.

அந்தத் தொழிலாளியின் இடத்தில் நின்று பார்த்தால்தான் மறுபக்கம் தெரியும். அரசு மருத்துவமனைக்குப் போனால் அரை நாள் கூலி போகும். தனியார் மருத்துவருக்கான கட்டணத்தோடு, எழுதித் தரும் பரிசோதனைக்கும் காசு வேண்டும். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வாரக் கணக்கே சரிந்துவிடும். அவர் வாங்குவது இரண்டு வேளை மருந்து மட்டும் இல்லை. மறுநாள் வேலைக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கையையும்தான். மருத்துவர்களிடத்திலும் இதே நெருக்கடி உண்டு. ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்க வேண்டியவருக்கு, இது வைரஸா பாக்டீரியாவா என்று பிரித்தறிய நேரமும் இல்லை, கையருகே பரிசோதனையும் இல்லை. தவறிவிட்டால் நோயாளி உயிரிழக்கலாம் என்ற அச்சத்தில் அவர் ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுகிறார். ஆய்வகம் இல்லாத இடத்தில் ஆய்வகத்துக்குப் பதிலாகவும், நேரம் இல்லாத இடத்தில் நேரத்துக்குப் பதிலாகவும், சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீருக்குப் பதிலாகவும் ஆன்டிபயாட்டிக் பயன்படுத்தப்படுகிறது. வளரும் நாடுகளில் இந்தச் சிக்கலின் வேர் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்டின் பயணம்

எந்த மருந்து கேட்கும் என்று ஊகிக்காமல் அறிய ஒரு வழி இருக்கிறது. மருத்துவமனைகளில் ‘கல்ச்சர்’ என்று சொல்லும் வளர்ப்புச் சோதனை அது. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதானால், முதல் ஊசி மருந்து போடுவதற்கு முன்பு, தோலை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி வரை ரத்தம் எடுக்க வேண்டும். குறைவாக எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். தோலைச் சரியாகத் துடைக்காவிட்டால் தோலிலிருக்கும் பாக்டீரியா வளர்ந்து குழப்பும். ஆய்வகத்தில் கிருமி வளர்ந்ததும், அதை ஊட்டக் கூழ் நிரப்பிய தட்டில் பரப்பி, மேலே வெவ்வேறு மருந்தில் தோய்த்த சிறு வட்டத் தாள்களை வைப்பார்கள். மறுநாள் பார்த்தால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம் இருக்கும். வேலை செய்யாத மருந்தின் தாளைத் தொட்டுக்கொண்டே கிருமி வளர்ந்திருக்கும். இந்த வளையத்தை அளந்து எழுதுவதுதான் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இதற்கு இரண்டு மூன்று நாளாகும். நடைமுறையில் பல இடங்களில் முதல் ஊசி போட்ட பிறகுதான் ரத்தம் எடுக்கிறார்கள். மாதிரி மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டியிருக்கிறது. அறிக்கை வருவதற்குள் நோயாளி குணமாகி வீடு போயிருப்பார், அல்லது உயிரோடு இருக்கமாட்டார். அறிக்கை ஒரு நோயாளிக்கு மட்டும் பயன்படுவதும் இல்லை. ஒரு மருத்துவமனையின் ஓராண்டு அறிக்கைகளைத் தொகுத்தால், அங்கே எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை விழுக்காடு கேட்கிறது என்ற அட்டவணை கிடைக்கும். இதற்கு ஆன்டிபயோகிராம் என்று பெயர். அந்த அட்டவணை இருந்தால், அறிக்கை வருவதற்கு முன் கொடுக்கும் முதல் மருந்தைக்கூட ஓரளவு அறிந்து கொடுக்கலாம்.

வார்டிலும் வாய்க்காலிலும்

இனி இரண்டாம் பாதி, பரவல். ஸ்வீடனில் வசித்த இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பிய பின், 2008-இல் அவருடைய சிறுநீரில் வளர்ந்த பாக்டீரியாவில் புதிய நொதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்-1, என்று பெயர் வைத்தார்கள். பிற மருந்துகள் தோற்ற பிறகு கொடுக்கும் கார்பபெனெம் வகை ஊசிகளையே சிதைக்கக்கூடியது அது, ஐ.சி.யு.வில் மெரோபெனெம் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள், அந்த வகை. 2010 ஆகஸ்டில் வெளியான ஆய்வு, சென்னையிலும் ஹரியாணாவிலும் பிரிட்டனிலும் எடுத்த மாதிரிகளில் அந்த மரபணு இருப்பதைக் காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர். நாட்டின் பெயரும் மருத்துவச் சுற்றுலாவும் கெட்டுவிடும் என்று அன்று எழுந்த கோபத்தில், நோயாளிகளைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போனது வருத்தத்துக்குரியது. அடுத்த ஆண்டே புதுதில்லியின் தண்ணீரைச் சோதித்த இன்னோர் ஆய்வு, தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்க் குடிநீரின் 50 மாதிரிகளில் 2-லும் அந்த மரபணுவைக் கண்டது. வாய்க்கால் என்று மேலே சொன்னது இங்கே ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் உண்மை.

சிலசமயம் மருந்தே வாய்க்காலில் கலக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. அந்த மாத்திரையைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடிய இடம் பச்சிளம் குழந்தைகளின் வார்டு. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை 13,000-க்கும் மேற்பட்ட சிசுக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ரத்தத்தில் கிருமி கண்ட குழந்தைகளிடம் அதிகம் வளர்ந்தது அசினெட்டோபேக்டர், அதற்கடுத்து கிளெப்சியெல்லா. முதலாவதில் 82 விழுக்காடும் இரண்டாவதில் 54 விழுக்காடும் பல மருந்துகளுக்கு ஒருசேரக் கட்டுப்படாதவை. பெரும்பாலான தொற்றுகள் பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தவை. மூன்று நாள் வயதுள்ள குழந்தை எந்தக் கோர்ஸைப் பாதியில் விட்டது? பிரசவ அறையிலோ வார்டிலோ கழுவப்படாத ஒரு கையிலிருந்தும், கிருமிநீக்கம் செய்யப்படாத ஒரு மருத்துவக் குழாயிலிருந்தும் அதற்குக் கிருமி கிடைக்கிறது. ஒரே செவிலியர் பத்துப் பதினைந்து குழந்தைகளைப் பார்க்கும் வார்டில், ஒவ்வொரு தொடுதலுக்கு இடையிலும் கை கழுவு என்று சுவரில் ஒட்டிவைத்தால் மட்டும் போதாது. அதற்கு ஆளும் வேண்டும், எட்டும் தூரத்தில் தண்ணீரும் வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்கப் புதிருக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 103 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று, மருந்தெதிர்ப்பின் அளவோடு நெருங்கிப் பொருந்துவது ஆன்டிபயாட்டிக் நுகர்வைவிடச் சுகாதாரக் கட்டமைப்பும் நல்ல நிர்வாகமும்தான் என்று கண்டது. மருந்தைக் கண்டபடி பயன்படுத்துவது தீங்கில்லை என்று இதற்குப் பொருளில்லை. தண்ணீரும் கழிவுநீரும் கலக்கும் ஊரில், கொஞ்சம் மருந்தே பெருந்தீங்குக்குப் போதும் என்பதே பொருள்.

மிகுதியும் பற்றாக்குறையும் ஒரே ஊரில்

தேவையில்லாதவருக்கு மருந்து தாராளமாகக் கிடைக்கும் அதே ஊரில், தேவைப்படுகிறவருக்குச் சரியான மருந்து கிடைப்பதில்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா உட்பட எட்டு நாடுகளில் 2019-இல் கார்பபெனெமுக்குக் கட்டுப்படாத தொற்று சுமார் 15 லட்சம் பேருக்கு ஏற்பட்டது என்றும், அவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு மட்டுமே பொருத்தமான மருந்து கிடைத்தது என்றும் 2025-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. ஆய்வகத்துக்குப் போய்ச் சேராதவர்கள், அறிக்கை வந்தும் மருந்தின் விலை கட்டாதவர்கள், மருந்தே அந்நாட்டில் விற்பனைக்கு வராதவர்கள் என்று மற்றவர்கள் ஒவ்வொரு படியிலும் உதிர்ந்துபோனார்கள். ஆகவே, ஆன்டிபயாட்டிக் விற்பனையைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்குவது தீர்வாகாது. மருத்துவரே இல்லாத மலைக்கிராமத்தில் நிமோனியாவால் மூச்சுத்திணறும் குழந்தைக்கு அமாக்சிசிலின் கிடைக்காமல் செய்துவிட்டு, மருந்தெதிர்ப்பைத் தடுத்தோம் என்று சொல்ல முடியாது.

என்னென்ன செய்யலாம், என்னென்ன நடந்திருக்கின்றன

தொற்றே வராமல் தடுப்பதை நான் முதலில் வைப்பேன். வராத நோய்க்கு மருந்து தேவையில்லை. மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாடு, பாதுகாப்பான தண்ணீரும் கழிப்பிட வசதியும், குழந்தைகளுக்கான தடுப்பூசிகள் ஆகிய மூன்றையும் சரியாகச் செய்தால், வளரும் நாடுகளில் மருந்தெதிர்ப்போடு தொடர்புள்ள இறப்புகளில் ஆண்டுக்கு 7.5 லட்சத்தைத் தவிர்க்கலாம் என்று 2024-இல் லான்செட்டில் வந்த கணிப்பு காட்டுகிறது. அதில் மிகப் பெரிய பங்கு, சுமார் 3.4 லட்சம், மருத்துவமனைத் தூய்மையால் மட்டும் காக்கக்கூடிய உயிர்கள்.

தடுப்பூசி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்குப் பாகிஸ்தானின் சிந்து மாகாணம் சான்று. அங்குள்ள ஹைதராபாத் நகரில் 2016 இறுதியில் பரவத் தொடங்கிய டைஃபாய்டு, வழக்கமாகத் தரும் ஐந்து வகை மருந்துகளுக்கும் கட்டுப்படவில்லை. வாய்வழி மாத்திரைகளில் மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றே. அந்தக் கிருமியை ஆராய்ந்தபோது, அது வேறொரு பாக்டீரியாவிடமிருந்து பிளாஸ்மிட்டைப் பெற்றிருந்தது தெரியவந்தது. கழிவுநீர் குடிநீரில் கலந்ததே பரவலுக்கு வழி. புதிய ஆன்டிபயாட்டிக்குக்காகக் காத்திருக்காமல், 2019 நவம்பரில் சிந்து மாகாணத்தில் 90 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு டைஃபாய்டு இணைப்புத் தடுப்பூசி போட்டார்கள். அதை வழக்கமான தடுப்பூசி அட்டவணையிலேயே சேர்த்த முதல் நாடு பாகிஸ்தான்தான். அந்தத் தடுப்பூசி உருவானது இந்தியாவின் ஹைதராபாத்தில். எல்லைக்கு இருபுறமும் ஒரே பெயர் கொண்ட இரு நகரங்கள் இப்படி இணைந்தது, இந்தக் கதையில் எனக்கு நிறைவளிக்கும் ஒரு செய்தி.

மருந்தின் தரமும் முக்கியம். வளரும் நாடுகளில் புழங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்று தரம் குறைந்ததாகவோ போலியாகவோ இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. போதிய மருந்து இல்லாத மாத்திரை, எளிதில் சாகும் கிருமியை மட்டும் கொன்று, தாங்கும் கிருமிக்கு இடம் விட்டுவிடும். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்பும் முறையை ஏற்படுத்தியதால், பிற மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

விதிகளைப் பொறுத்தவரை, 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் ஒரு திருப்பம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தடைசெய்யச் சொல்லாமல், நம் நாட்டில் நடக்கக்கூடியதைப் படிப்படியாகச் செய்யச் சொன்னதே அதன் பலம். அதைத் தொடர்ந்து, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, முக்கிய ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் அடங்கிய 46 மருந்துகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். கடைசி மருந்துகளில் ஒன்றான கொலிஸ்டினைக் கோழிப்பண்ணை உள்ளிட்ட கால்நடை வளர்ப்பில் பயன்படுத்த 2019-இல் தடை வந்தது. விதி எழுதுவது ஒன்று, கடைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது இன்னொன்று. மாநில அளவில் மருந்தெதிர்ப்புச் செயல்திட்டத்தை 2018-இலேயே முதலில் வகுத்த கேரளம், 2024-இல் மருந்துக்கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. ஆன்டிபயாட்டிக் விற்பனை குறைந்திருப்பதாகவும் அம்மாநில அரசு அறிவித்தது. 

எந்த மருந்தை எப்போது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு எளிய வழிகாட்டி. முதலில் தரத்தக்கவை, கண்காணித்துத் தர வேண்டியவை, கடைசிக்கென ஒதுக்கி வைக்க வேண்டியவை என்று ஆன்டிபயாட்டிக்குகளை அது மூன்றாகப் பிரிக்கிறது. உலக அளவில் மக்களுக்குத் தரப்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் 70 விழுக்காடாவது முதல் வகையைச் சேர்ந்தவையாக 2030-க்குள் இருக்க வேண்டும் என்று 2024-இல் ஐ.நா. பொதுச்சபையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. மேலே மருந்துக்கடையில் கண்ட அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் இரண்டாம் வகை.

கேட்க வேண்டிய இடம்

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: இது வைரஸ் காய்ச்சலாக இருக்குமா, இந்தச் சீட்டில் ஆன்டிபயாட்டிக் எது, எத்தனை நாள் சாப்பிட வேண்டும். மீந்ததை எடுத்துவைத்து அடுத்த காய்ச்சலுக்கு வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம். இவ்வளவுதான் தனியாள் ஒருவரால் செய்யக்கூடியது.

மீதியைக் கேட்க வேண்டிய இடம் பஞ்சாயத்தும் மாவட்ட நிர்வாகமும் சட்டமன்றமும். நம் மாவட்ட மருத்துவமனையில் நுண்ணுயிரியல் மருத்துவர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? கல்ச்சர் பாட்டில் இரவிலும் கிடைக்கிறதா? ஆன்டிபயோகிராம் ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறதா? பிரசவ வார்டில் ஒவ்வொரு செவிலியருக்கும் எத்தனை குழந்தைகள், அங்கே கை கழுவும் குழாயில் மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வருகிறதா? கிராமசபையில் சாலைக்கும் தெருவிளக்கிற்கும் மனு எழுதுகிற நாம், இவற்றையும் அதே மனுவில் எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தக் கேள்விகளைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுத்தில் கேட்கவும் முடியும்.